காத்துப் பார்த்தாச்சு

காலை ஐந்து நாற்பது. மண்டபத்துக்கு மேற்கே, கடலை ஒட்டிய படகுப் பட்டறையின் வாசலில் நின்ற பிக்கப் வண்டிதான் முதலில் கண்ணில் பட்டது. முந்தைய நாள் ஏற்றிய மூட்டைகளிலிருந்து சிந்திய மிளகாய் வற்றல் அதன் தொட்டியில் கிடந்தது. பக்கத்தில் போனதும் எனக்குத் தும்மல் வந்தது.

வண்டி கடலில்லாத கமுதியிலிருந்து வந்தது. அது இழுத்துப் போக வேண்டிய டிரெய்லர், இன்னும் மாட்டாமல், பின்னால் நின்றது. டிரெய்லரின் மேல் என் பக்கத்து வீட்டு பாயின் ஃபைபர் படகு. பாறையில் மோதி அடிப்பகுதி பிளந்து, ஒரு மாதத்துக்கு மேலாக இந்தப் பட்டறையில் கிடந்த படகு. அவ்வளவு நாளும் பாய் அடுத்தவர் படகில் கூலியாளாகப் போய் வந்தார். வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அன்று படகைப் பாம்பனுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஆனி மாதத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வெயில் ஏற ஏற வலுக்கும். ஒன்பது மணிக்கு மேலானால், வழியிலுள்ள கடல் பாலத்தின் உச்சியில் அது வெற்றுப் படகைப் பக்கவாட்டில் தள்ளும். டிரெய்லர் கவிழ்ந்தால் படகு மறுபடி பட்டறைக்குத்தான். பின்னால் வரும் வண்டிகளுக்குக் கை காட்ட ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டி வந்திருந்தார்.

வண்டியை முதல்நாள் மாலையே விட்டுவிட்டு டிரைவர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். பாயின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் டிரைவரின் குரல் கேட்டது.

"பாய், டீயக் குடிச்சிட்டு வாரேன். அதுக்குள்ள காத்த மட்டும் பாத்து வைங்க. வந்ததும் கெளம்பிரலாம்."

"அது என் வேலைப்பா. நீ வா."

பாய் கரைக்குப் போனார். தண்ணீரைப் பார்த்தார், பனையோலையைப் பார்த்தார், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். நானும் கூடவே நின்றேன். எனக்கும் எதுவும் தவறாகத் தோன்றவில்லை.

ஆறு பத்துக்கு டிரைவர் வந்தார்.

"காத்துப் பாத்தாச்சா பாய்?"

"பாத்தாச்சு. ரொம்பக் கம்மியா இருக்கு. மாட்டு, போவோம்."

டிரைவர் மாட்டவில்லை. "கம்மியா இருந்தா எப்படிப் போறது?"

"கம்மியா இருந்தாத்தான் தம்பி போக முடியும். கூடுனாத்தான் ஆபத்து."

"இம்புட்டுப் பெரிய படகை இழுக்கணும். நாலுலயுமா கம்மி?"

"நாலு திக்குலயும் கம்மிதான். நல்லாப் பாத்துட்டேன்."

முதலில் சிரித்தது நான்தான். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாய், நான் டயர்க் காத்தச் சொன்னேன்!"

"டயருன்னு சொல்லணும்ல. எங்க ஊர்ல காத்துன்னா ஒண்ணுதான்."

"எங்க ஊர்லயும் ஒண்ணுதான் பாய்."

டிரைவர் கேஜை எடுத்தார். டிரெய்லரின் இரண்டு சக்கரங்களும் சரியாக இருந்தன. வண்டியின் முன்சக்கரங்களும் சரி. பின்பக்கம் இடது டயரில் அறுபது இருக்க வேண்டியது முப்பத்தெட்டுதான் இருந்தது. அவர் டயரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். தேய்ந்த டயர்ப் பட்டன்களுக்கு நடுவே சீமைக்கருவேல முள் ஒன்று ஒடிந்து நின்றது.

"உங்க ஊர்லேர்ந்தே முள்ளையும் கூட்டிட்டு வந்திருக்கியே," என்றார் பாய். சிரித்துத்தான் சொன்னார். ஆனால் உடனே கடல் பக்கம் பார்த்தார். பனையோலை லேசாக அசையத் தொடங்கியிருந்தது. பஞ்சர் கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும்.

ஸ்டெப்னியை இறக்கினோம். அதில் நாற்பத்தைந்து. ஜாக்கி வைத்தால் மணலில் புதைந்தது. பாய் பட்டறைக்குள் போய் ஒரு தடித்த பலகையைத் தூக்கி வந்து அடியில் போட்டார், வண்டி எழும்பியது. சக்கரத்தை மாற்றியதும் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து கால் பம்பை எடுத்து பாயின் முன்னால் வைத்தார்.

"இப்ப மிதிங்க. இப்பத்தான் நீங்க காத்தப் பாக்குறீங்க."

"இது எந்தத் திக்குக் காத்துப்பா?"

"உங்க கால் திக்கு."

இருவரும் மாறி மாறி மிதித்தார்கள். ஐம்பத்தைந்துக்கு மேல் பாய்க்கு மூச்சு வாங்கியது. "போதும்ப்பா" என்றார். "பாலத்துல நின்னா யாரு மிதிப்பா?" என்று கேட்டு, டிரைவர் அறுபது வரும்வரை விடவில்லை.

ஏழரைக்கு டிரெய்லரை மாட்டிக் கிளம்பினோம். நான் மிளகாய்த் தொட்டியில் பின்னால் பார்த்து உட்கார்ந்து, தும்மிக்கொண்டே சிவப்புத் துணியை ஆட்டினேன். பின்னால் வந்த சுற்றுலா வேனிலிருந்தவர்கள் பதிலுக்குக் கையாட்டினார்கள். பாலத்தின் உச்சியில் காற்று ஒருமுறை படகைத் தள்ளியது, கயிறுகள் முறுகின. வண்டி சாயவில்லை. டிரைவர் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எட்டு ஐம்பதுக்குப் படகு பாம்பன் கரையில் தண்ணீரில் இறங்கியது.