மடியில் வந்த பின்சக்கர ஸ்டியரிங்

இன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர், எடையைக் குறைக்கத் தன் காரில் பின்சக்கரங்களையும் திருப்புகிற பின்சக்கர ஸ்டியரிங்கை முழுசாகக் கழற்றிப் போட்டார்.

பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தார். மடியில் சாக்கு சுற்றிய கனமான சாமான்.

"அத ஏங்க கழட்டுறான்?"

"வெயிட்டு கொறையும்ங்க. காருக்கு முன்சக்கரம் திரும்புனா போதும்."

அவர் சாக்கைத் தட்டிக் காட்டினார். உள்ளே புது ஸ்டியரிங் ராடு. நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறாராம். அதில் பின்சக்கரம் மட்டும்தான் திரும்பும். காலையில் ராடு உடைந்து, மிஷின் விக்கிரமங்கலத்தில் பாதி அறுத்த வயலில் நிற்கிறது.

"மானம் வேற மழக் கருக்கலா இருக்கு. இது இல்லாம வண்டிய எடுத்தா, திரும்ப முடியாம நேரா ஆண்டிமடம் வரைக்கும் அறுத்துக்கிட்டே போவ வேண்டியதுதான்."

இருவரும் சிரித்துவிட்டோம்.

அரியலூரில் அவர் இறங்கிப் போனதும், அவர் சொன்னதை அந்த வீடியோவுக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன்.

இதுவரை மழை இல்லை. இந்நேரம் அறுத்து முடித்திருப்பார்.

கார்க்காரர் இப்போதுதான் பதில் போட்டிருக்கிறார்: "ஆண்டிமடம் வரைக்கும் இருக்கிற வயல்காரர்கள் சம்மதிப்பார்களா?"

அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.