துடைக்காமல் விட்ட கைப்பிடி

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. சும்மா சொல்லக்கூடாது, அவள் கைபட்ட இடம் அப்படித்தான் இருக்கும். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, நல்ல தண்ணீருக்கு ஒரு வாளி. கழிப்பறைத் துணி தவறிப்போய் வகுப்பறை வாளியில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. இத்தனை வருஷமாகத் தற்காலிக வேலைதான். இந்த வருஷம் நிரந்தரமாக்குவதாகப் பெரிய டீச்சரே வாய்திறந்து சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொல்லிச் சொல்லிப் புருஷனுக்குக் காதே புளித்துப்போனது.

அறிவியல் டீச்சர் வேலைக்கு வந்த புதிதில் ஆய்வுக்கூடத்து மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றியவள் பளிச்சக்காதான். அன்றிலிருந்து அவளுக்கு இவள் அக்கா, இவளுக்கு அவள் தங்கச்சி.

அந்தத் தங்கச்சி ஒருநாள் வந்து நின்றாள்.

"அக்கா, மாடியில கதவுக் கைப்பிடி, தண்ணிக் குழாய் எதையும் ஒரு வாரம் துடைக்காதீங்க. பிள்ளைங்க பஞ்சுக் குச்சியால தொட்டெடுத்து, தட்டுல கிருமி வளர்த்துக் கண்காட்சியில வைக்கப் போறாங்க."

"ஐயையோ, கிருமியை வளர்ப்பாங்களா? ஒரு வாரம் துடைக்காட்டி எனக்குக் கை அரிக்குமே!"

"அப்புறம் நீங்க துடைச்சதும் அதே இடத்துல மறுபடி எடுப்போம். ரெண்டு தட்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்போம். உங்க வேலை எப்பேர்ப்பட்டதுன்னு பெரிய டீச்சர் கண்ணால பார்க்கட்டும்."

நம்பினாள். அந்த ஒரு வாரமும் கைப்பிடிகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தாள். பிறகு ஆசைதீரத் தேய்த்துத் துடைத்தாள். முதலில் எடுத்த தட்டுகளில் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் கொழகொழவென்று பூத்திருந்தன. துடைத்த பிறகு எடுத்த தட்டுகளில் ஒன்றுமே முளைக்கவில்லை. தங்கச்சி அதைக் காட்டியபோது பளிச்சக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கண்காட்சியன்று தலையைப் படிய வாரிக்கொண்டு போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். மேசையில் புள்ளி பூத்த தட்டுகள் மட்டும் இருந்தன. 'நம் பள்ளிக் கைப்பிடிகளில் யார் குடியிருக்கிறார்கள்?' என்று மேலே கொட்டை எழுத்தில் ஒரு பலகை. பெற்றோர் முகம் சுளித்துக் கையை உதறினார்கள். நடுவர்கள் ஆகா ஓகோ என்று முதல் பரிசுக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

"இந்த மாடி யாரோட பொறுப்பு?" என்றார் பெரிய டீச்சர்.

பளிச்சக்கா தங்கச்சியைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவி, அவள் ஏற்கெனவே நேராக இருந்த தட்டுகளை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் வேணும்னுதான் துடைக்காம..."

"துடைக்கலைன்னு நீயே சொல்றியா? நிரந்தரம்னு சொன்னேன்ல, அந்தப் பேச்சை இத்தோட விட்டுடு."

எல்லார் எதிரிலும் அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் ஆய்வுக்கூடத்துக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தாள். பழைய காகிதங்களுக்கு அடியிலிருந்து ஒன்றும் முளைக்காத தட்டுகள் வந்தன. அந்தத் தொட்டியைக் கொட்டுவது இந்த அக்காதான் என்று தெரிந்தே அதில் போட்டிருக்கிறாள்.

"கோவமாக்கா?" வாசலில் அவள்தான். "அதையும் வெச்சா பார்க்குறவங்களுக்கு அதிர்ச்சியே இருக்காதுன்னு தோணிச்சு. பெரிய டீச்சர்கிட்ட நான் மெதுவா சொல்றேன். அந்தக் கிருமித் தட்டுங்களை மட்டும் நாளைக்கு மருந்து ஊத்திக் கழுவிக் கொடுத்துடுங்க, என்ன?"

பளிச்சக்கா குப்பையிலிருந்து எடுத்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, மேசையில் இருந்த பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் அடுக்கினாள். தங்கச்சி என்று கூப்பிட நாக்கு வரவில்லை.

"கழுவித் தர்றேன் மேடம். ஆனா எதைக் கழுவணும், எதை விடணும்னு இனிமே பெரிய டீச்சர் முன்னால வெச்சுச் சொல்லுங்க."

வாளிகளைத் தூக்கிக்கொண்டு மாடி வராந்தாவுக்குப் போனாள். அங்கே கைப்பிடிகளை அன்றைக்கு இன்னும் துடைக்கவில்லை.