அண்ணனும் எல்லையோர ஊரின் கூடைப்பந்துக் கழகமும்

எங்கள் அண்ணன் ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டில் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். "நல்லத மட்டும் எழுது, போதும்" என்றார் என் கணவர். அண்ணன் அதை விரும்பியிருக்க மாட்டார்.

அவர் தூத்துக்குடியில் பிறந்தவர். மில் தொழிலாளியான அப்பா சீக்கிரமே காலமானார். ஆறடியைத் தாண்டிய உயரமும் கூடைப்பந்தும்தான் அண்ணனைக் கல்லூரிவரை கொண்டுபோயின. எங்கள் பங்குக் கோயிலில் இருந்த டச்சுக்காரப் பாதிரியார் ஒருவர் அவரை நெதர்லாந்துக்கு நூற்பாலைப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில், பகலில் நூற்பாலையிலும் மாலையில் அவ்வூர்க் கழகத்திலுமாக அண்ணன் தங்கிவிட்டார்.

அந்தக் கழகத்தைத் தொடங்கியவர்கள் ஓர் உடற்பயிற்சி ஆசிரியரும் அதே நூற்பாலைத் தொழிலாளர்களும். பள்ளிக்கூட அரங்கில் விளையாட்டாக ஆரம்பித்தது, சில ஆண்டுகளில் நாட்டின் முதல் பிரிவுக்கு ஏறி, சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களின் அணியானது. அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அண்ணன் முதலில் ஆடினார். முழங்கால் போனபின் துணைப் பயிற்சியாளரானார். அங்கே பணம் கொடுத்து ஆதரிக்கும் நிறுவனத்தின் பெயரே அணியின் பெயர்; முதலில் அது நூற்பாலையின் பெயர். ஆலை மூடப்பட்டதும் அணி ஒரு நாற்காலிக் கடையின் பெயருக்கு மாறியது; அதன்பின் ஒரு வேன் கம்பெனியின் பெயருக்கு. எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவது என்று தெரியாமல் ஊரார் வெறுமனே கைதட்டினார்கள் என்று அண்ணன் ஒருமுறை தொலைபேசியில் சிரித்தார். ஆலையில் வேலை இழந்தவர்களுக்குச் சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுதான் மிச்சம் என்றும் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஹூஸ்டனிலிருந்து மார்வின் என்ற கறுப்பின இளைஞன் அந்த அணிக்குப் போனான். அண்ணனின் வீட்டிலேயே தங்கினான். அவர் வைக்கும் மீன் குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டான். போட்டிப் பருவத்தின் இறுதியில் ஒரு நாள் பயிற்சியின்போது மயங்கி விழுந்தான். சரியான பரிசோதனை முடியும்வரை ஆடக்கூடாது என்றார் மருத்துவர். ஆனால் அந்த வாரம் தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். வேன் கம்பெனியும் கைவிடும்.

அந்த ஆட்டத்தின் முதல் பாதியில் அணி பின்தங்கியது. "ஐ'ம் ஃபைன், கோச்" என்று வெளியே உட்கார்ந்திருந்த மார்வின் எழுந்து நின்றான். தலைமைப் பயிற்சியாளர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் சரி என்று தலையசைத்தார்.

பந்தைக் கையில் வைத்தபடியே மார்வின் விழுந்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அந்த ஆட்டம் பாதியிலேயே நின்றது.

சவப்பெட்டியோடு ஹூஸ்டனுக்கு வந்தவர் அண்ணன் ஒருவர்தான். நான் அங்கே நர்ஸ் என்பதால் மார்வினின் வீட்டுக்கு அவருடன் போனேன். "கழக நிர்வாகம்தான் காரணம்னு சொல்லுங்கண்ணே, அது பொய்யில்லையே" என்று காரில் கெஞ்சினேன். மார்வினின் தாயார் வாசலில் நின்றே கேட்டார்: "என் பிள்ளையை ஆட்டத்தில் இறக்கிவிட்டது யார்?"

"நான்தான். ஆடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்" என்று அண்ணன் ஆங்கிலத்தில் சொன்னார். கதவு மூடிக்கொண்டது.

அவர் திரும்பிப் போனபோது கழகம் உயிர் விட்டுக்கொண்டிருந்தது. வேன் கம்பெனி விலகியது. அடுத்த பருவம் தொடங்குமுன், அரங்கின் சிற்றுண்டிச் சாலையில் கூடிய சிலர் கையைத் தூக்கிக் கழகத்தைக் கலைத்தார்கள். "கை தூக்குனவங்கள்ல பாதிப் பேர் அழுதாங்க செல்வி. எனக்கு அழுகையே வரல" என்று என்னிடம் சொன்னார்.

அவருக்காக நான் முன்பே விண்ணப்பித்திருந்த கிரீன் கார்டு கிடைத்ததும் அண்ணன் எங்களிடம் வந்துவிட்டார். பக்கவாதம் வந்தவர்களை நடக்கப் பழக்கும் ஒரு நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே அவரை எல்லாருக்கும் பிடிக்கும். வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே போனது. டிவியில் கூடைப்பந்து வந்தால் எழுந்து போய்விடுவார். திருமணப் பேச்சை எடுத்தால், "விடு தாயி" என்பார். ஒவ்வொரு ஆண்டும் மார்வினின் கல்லறைக்குத் தனியாக டிரைவ் பண்ணிப் போய்வருவார். ஒருமுறை அவனுடைய தாயார் எதிரே வந்தும் இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. வலியில் அவர் பட்ட பாட்டை எழுத என்னால் முடியவில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபின்னும் அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த நாள்களில் இரவுப் பணி முறையை மாற்றிக்கொண்டு எனக்கு உதவிய சக நர்ஸ்களுக்கும், தொலைவிலுள்ள ஆலன் நகரிலிருந்து கார் ஓட்டி வந்து சமைத்துப்போட்ட மேரி ஆன்ட்டிக்கும், பாடற்குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அடக்கத் திருப்பலியில் கடைசி வரிசையில் தனியாக அமர்ந்திருந்தவர் யாரென்று பலர் கேட்டீர்கள். மார்வினின் தாயார். செய்தித்தாளில் அறிவிப்பைப் பார்த்து வந்திருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, அண்ணனை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். "ஆனால் அந்தக் கழகத்திலிருந்து எனக்கு உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரை யாராவது வழியனுப்ப வேண்டாமா?"

பிறகு எங்களோடு கல்லறைவரை நடந்து வந்து, ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்.