மஞ்சள் வளையம்

போன ஞாயிறு பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் நின்றுபோன கடிகாரங்களுக்கும் நடுவே ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் கிடந்தது. "சின்னப் புள்ள வளையல்க்கா, எடுத்துக்குங்கலா" என்றான் கடைக்காரத் தம்பி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவன்மேல் இல்லை, பாவம். நாற்பது வருஷத்துப் பழைய கோபம்.

அது வளையல் இல்லை. அந்தக் காலத்தில் கணினி டேப் தோசைக்கல் அகலச் சக்கரத்தில் சுற்றியிருக்கும். அதன் முதுகில் இந்த வளையத்தைப் பொருத்தினால்தான் டேப்பில் எழுத முடியும். கழற்றிவிட்டால் படிக்க மட்டுந்தான். எண்பதுகளில் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சி செய்தபோது, முதல் நாளே என் டேப்பிலிருந்து வளையத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பையில் வளையம் இருக்கும்வரை டேப்புக்கு ஆபத்தில்லை என்று ஒரு நம்பிக்கை. மகா புத்திசாலி நான்!

டேப்பில் இருந்தது ஒரு நட்சத்திரத்தின் எக்ஸ்ரே. சிரிக்காதீர்கள். கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் சிரித்தார். "எக்ஸ்ரேன்னா நெஞ்சுல எடுக்கிறதுதானே? நட்சத்திரத்துக்கு என்னா, காசநோயா?" வானத்திலிருந்து வரும் எக்ஸ்ரே நம் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. செயற்கைக்கோள்தான் மேலே போய்ப் பிடிக்க வேண்டும். அந்தத் தரவைக் கேட்டு வெளிநாட்டுக்குக் கடிதமாக எழுதித் தள்ளி, ஒரு வருஷம் காத்திருந்து வாங்கிய டேப் அது.

கணினி எங்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம். ஊட்டிக் குளிரில் அந்த அறை, சூடான தாள் வாசனை, கடகடவென்று அச்சடிக்கும் இயந்திரம். மடிப்பு மடிப்பாக வரும் தாளைச் சுருட்டிக்கொண்டு பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறி, மேல்தட்டில் உட்கார்ந்து மடியில் விரிப்பேன். கடல் காற்று பிடுங்கும். இரண்டு முனையிலும் செருப்பை வைத்து அழுத்திக்கொண்டு, எக்ஸ்ரே சட்டென்று ஏறும் இடங்களை எண்ணுவேன். அந்த நட்சத்திரம் பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்துத் தன்மேல் சேர்த்துக்கொண்டே இருக்கும். அளவு மிஞ்சினால் வெடிக்கும். ஒரு நொடியில் ஏறிப் பத்து நொடியில் அடங்கும். டேப்பின் முதல் பாதியில் மூன்று வெடிப்புகள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மேலும் குறைகிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் நான் இன்னும் படிக்காத இரண்டாம் பாதியில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் என் ஆராய்ச்சி முடிந்தது.

அடுத்த வாரம் போனால் டேப் இடத்தில் இல்லை. கணினி அறையைப் பார்த்துக்கொண்ட காதர் அண்ணன், சூலியா தெருக்காரர், முகம் கொடுக்கவில்லை.

"தங்கச்சி, ஆபீஸ்ல டேப் பத்தலைன்னாங்க. ஒங்க சார் கையெழுத்துப் போட்டு ஃபாரம் குடுத்தாரு. நான் வளையத்த மாட்டி ஓட்டிட்டேன். ஒனக்குத் தெரியும்னுல நெனச்சேன்."

"வளையம் எங்கிட்ட இருக்கேண்ணே!"

அவர் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். டின் நிறைய அதே மஞ்சள் வளையங்கள்.

டேப் முழுக்க இப்போது நிர்வாகக் கோப்புகள். முதல் கோப்பு, ஆண்டு விருந்துக்கு யார் யார் எந்த மேசை என்ற பட்டியல். என் பெயரும் அதில் இருந்தது, கடைசி மேசையில். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான சாரிடம் ஓடினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பழைய டேப்தானேம்மா. பினாங்குல உக்காந்துகிட்டு நட்சத்திரத்தப் பாத்து என்னா கண்டுபிடிக்கப் போற? வேணும்னா இன்னொண்ணு எழுதிக் கேளுலா."

இன்று மீன் கடையில் எடை கொஞ்சம் இறங்கினாலே ஊரைக் கூட்டுகிறவள் நான். அன்று என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல சார்." சொன்னதோடு விட்டேனா? பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அந்த விருந்துக்கும் போனேன். கோழிக் குருமா நன்றாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

மறுபடி எழுதிக் கேட்டேன். பதில் வருவதற்குள் உதவித்தொகை முடிந்து, பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு வருஷம் கழித்து வேறு ஒரு நாட்டில் யாரோ அந்த இடைவெளிகளைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கினார்கள். அவர்கள் ஊரில் டேப் பற்றாக்குறை இல்லை போலும்.

தம்பியிடம் அந்த வளையத்தை வாங்கவில்லை. என்னுடையது என்னிடமே இருக்கிறது. மற்ற எதுவும் இல்லை. கணினி அறை இல்லை, அந்தப் பழைய ஃபெர்ரிகள் இல்லை, காதர் அண்ணன் இல்லை, சாரும் இல்லை. செயற்கைக்கோள் எப்போதோ காற்றில் விழுந்து எரிந்துபோனது. ஆனால் அதன் தரவெல்லாம் இப்போது இணையத்தில் சும்மா கிடக்கிறதாம். சந்தையிலிருந்து வந்த கையோடு தேடி எடுத்தேன். தேநீர் ஆறுவதற்குள் இறங்கிவிட்டது.

இரண்டாம் பாதியில் ஏழு வெடிப்புகள். இடைவெளி குறைந்துகொண்டேதான் போகிறது. விரலால் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். எண்ணி முடித்தபோது எனக்கு வயது அறுபத்து மூன்று.