மருந்தும் ரவையும் கிடைக்கும்

‘மருந்து’ என்று போர்டு எழுதி மாட்டிவிட்டு, உயிரை எடுக்கிற சாமானை விற்ற கடை எங்களுடையது. தங்கவயல் கடைவீதியில் ஒரு பக்கம் மளிகை, மறு பக்கம் ஜவுளி, நடுவில் அப்பா ஆரம்பித்து என் தலையில் கட்டிவிட்டுப் போன துப்பாக்கிக் கடை. கல்லாவுக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். வாடிக்கையாளர் வராவிட்டால் உங்களுக்குக் கவலை. எனக்கு வந்தாலும் கவலை.

உப்புமா

துப்பாக்கி, தோட்டா, மருந்து, ரவை என்று அப்பா போர்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். ரவை என்றால் சுடுவதற்குப் போடுகிற சின்னச் சின்ன ஈய உருண்டை. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து லைன் வீட்டுக்குப் புதிதாக வாழ வந்த பெண் ஒருத்தி, போர்டின் கடைசி வார்த்தையை மட்டும் படித்துவிட்டுப் பையை நீட்டி ஒரு கிலோ கேட்டாள்.

துப்பாக்கி பழுது பார்க்கிற கோபால்தான் கடையில் எனக்கு ஒரே துணை. அவன் முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒரு பிடி ஈய ரவையை எடுத்துத் தட்டில் கொட்டிக் காட்டினான். அவள் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள். சுவரில் வரிசையாக நின்ற துப்பாக்கிகளையும் பார்த்தாள். ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

“இதுல உப்புமா கிண்டினா எங்க மாமியாருக்கு ஒரு பல்லு மிஞ்சாது. கிலோ எவ்ளோங்க?”

துரையின் இரட்டைக்குழல்

அப்பா காலத்தில் எங்களுக்கு வாடிக்கை துரைமார்கள்தான். தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்ததும் அவர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். போகும்போது துப்பாக்கியை எங்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். வெள்ளைக்காரர்கள் போனதோடு இந்தக் கடைக்கும் பூட்டுதான் என்று பக்கத்து மளிகைக்காரர் ஜோசியம் சொன்னார். நடந்தது வேறு. லாரி வைத்திருப்பவர், காண்டிராக்ட் எடுப்பவர், கடலைக்காய் போடும் விவசாயி என்று, முன்பு எங்கள் படி ஏறக் கூசியவர்களெல்லாம் லைசென்ஸோடு வந்தார்கள்.

ஒரு துரையின் இரட்டைக்குழல் துப்பாக்கியை வாங்க ஒரு காண்டிராக்டர் வந்தார். அதே துரை வேட்டைக்குப் போகும்போது கூடவே போய்ச் சாமான் தூக்கியவர் அவருடைய அப்பா. துப்பாக்கியை உறை போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தோளில் சாய்த்துக்கொண்டு கடைவீதியைப் பார்த்து நின்றார்.

“எங்கப்பா இதைத் தூக்கிக்கினு துரைக்குப் பின்னால நடந்தாரு சார். நான் முன்னாலயே நடக்கறேன்.”

பூதிகோட்டை நஞ்சம்மா

அதே வருஷம்தான் நஞ்சம்மா வந்தார். பூதிகோட்டைப் பக்கம் கடலைக்காய் நிலம். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி ஒன்றைக் கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். லைசென்ஸ்காரர் செத்துப்போனால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஸ்டேஷனில் வைத்தால் துருப்பிடிக்கும் என்று எங்களிடம் வந்தார்.

லைசென்ஸை உங்கள் பெயருக்குக் கேளுங்களேன் என்றேன். அங்கேதான் சிக்கல். புருஷனுக்குக் கண் பார்வை மட்டம். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததே தவிர, இத்தனை வருஷம் கடலைக்காய் தின்ன வந்த காட்டுப் பன்றியைச் சுட்டது நஞ்சம்மா. சுடத் தெரியாது என்றால் லைசென்ஸ் கிடையாது. தெரியும் என்றால், யார் துப்பாக்கியில் கற்றாய் என்று கேஸ். கொழுந்தன் வேறு, துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்றித் தரச்சொல்லி நச்சரிக்கிறானாம். துப்பாக்கி எவன் கையிலோ காவல் அவன் கையில், காவல் எவன் கையிலோ நாளைக்கு நிலமும் அவன் கையில். இது அந்த அம்மாளுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. இந்தத் துப்பாக்கி இவர் கைக்குத்தான் போக வேண்டும் என்று அன்றே முடிவு கட்டி, மனுவும் நானே எழுதிக் கொடுத்தேன்.

“யஜமானரு செத்துட்டாருன்னு துப்பாக்கியக் குடுத்துட்டேன் அண்ணா. பன்னிங்க சாவலையே.”

இரண்டு மருந்து

நந்திதுர்க் சுரங்கத்திலிருந்து ரிட்டயர் ஆன ஒருவர் படியேறி வந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல். மருந்து இருக்குதா என்று கேட்டார். நாங்கள் விற்பது வெடி மருந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். நான் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன்.

அவர் போர்டை மறுபடி அண்ணாந்து பார்த்தார். விஷயம் புரிந்து சிரித்தார். சிரிப்பும் இருமலாகத்தான் முடிந்தது. சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டு வெடி வைக்கிற வேலையாம். அந்தப் புழுதிதான் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

“அந்த மருந்த வெச்சி வெச்சித்தான் சார், இந்த மருந்து கேட்டுக்கினு வந்து நிக்கறேன்.”

டீக்கடைச் சட்டசபை

எதிர் டீக்கடையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தினமும் சட்டசபை கூட்டுவார்கள். துப்பாக்கிச் சட்டம் புதிதாக வந்திருந்த சமயம். எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்கிக் கிணற்றில் போடணும் என்பது ஒரு கட்சி. திருடன் லைசென்ஸ் கேட்டா வர்றான், நமக்கு மட்டும் எதற்கு என்பது எதிர்க்கட்சி. நான் துப்பாக்கி விற்கிறவன், எனவே என் ஓட்டு யாருக்கு என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். உண்மையில், கண்டவன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதில் அந்தக் கூட்டத்தில் என்னைவிட உறுதியானவன் இல்லை. யார் கண்டவன் என்பதில்தான் தகராறு.

நஞ்சம்மாவின் கொழுந்தன் அன்று அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். “பொம்பள கைக்குத் துப்பாக்கி குடுக்கச் சொல்லி மனு எழுதித் தர்றாரு இந்த மனுஷன்” என்று என்னைக் கை காட்டினான். இரண்டு கட்சியும் உடனே ஒரே கட்சியாகிவிட்டது. நாடு கெட்டுப்போச்சு என்று ஒருமனதாகத் தீர்மானம். பதில் சொன்னவன், டீ வாங்க வந்த கோபால்.

“காவலுக்கு ஆம்பளயா பொம்பளயான்னு பாத்துட்டா பன்னி கடலக்கா திங்குது?”

இருக்கிறது, உங்களுக்கு இல்லை

லாரிக்காரர் ஒருவர் எங்கள் நல்ல வாடிக்கை. லைசென்ஸ் சுத்தமானது. ஒரு நாள் மத்தியானம் வந்து தோட்டா கேட்டார். கண் சிவந்திருந்தது. வீட்டுச் சுவர் விஷயமாகத் தம்பியோடு அப்போதுதான் கைகலப்பு என்று கடைவீதி முழுக்கத் தெரியும். இல்லை என்றேன். அலமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினார். இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்றேன்.

கல்லாவை ஓங்கித் தட்டினார். மேலே எழுதிக் கடையையே மூடவைப்பேன் என்றார். அலமாரிச் சாவியை நான் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. அதற்காகக் கடையை மூட வேண்டியிருந்தால் அன்றைக்கே மூடியிருப்பேன். அதோடு அவர் எங்கள் படி ஏறவில்லை. போகும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“லைசென்ஸ் குடுத்தது சர்க்காரு. இல்லன்னு சொல்ல நீ யாருய்யா?”

பன்றி யார் பேரில்?

முதல் மனு திரும்பி வந்தது. வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால் அவர் கேட்கட்டும் என்றார்கள். நஞ்சம்மா அசரவில்லை. மறுபடி எழுதினோம். அதற்குள் பன்றிகள் பாதிக் கடலைக்காய்க் கொல்லையை உழுதுவிட்டன. கடைசியில் கோலாரில் அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டார். துப்பாக்கி என் பொறுப்பில் இருந்ததால் நானும் போனேன். புருஷன் சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லுங்கள் என்று பஸ்ஸில் வழியெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்தேன். தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

பேச்சு கன்னடத்தில் நடந்தது, தமிழில் சொல்கிறேன். சுடத் தெரியுமா என்று கேட்டார் அதிகாரி. தெரியும் என்றார் நஞ்சம்மா. பார்த்துக் கற்றதா என்றார். என் பாடமெல்லாம் காற்றில் போனது. என் புருஷனுக்குக் கண் சரியாகத் தெரியாது, பொய் சொல்லி வாங்கினால் அது கையில் நிலைக்காது சாமி என்றுவிட்டார். லைசென்ஸும் போச்சு, இந்த அம்மாளும் உள்ளே போகப்போகிறார் என்று நினைத்தேன். அப்படியானால் சுட்டது யார் என்று அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

“துப்பாக்கி அவரு பேர்ல இருந்துச்சு சாமி. பன்னி எங்க ரெண்டு பேரு பேர்லயும் விழுந்துச்சு.”

துடைப்பம்

அதிகாரி மீசைக்குள் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். கையெழுத்தான லைசென்ஸோடு நஞ்சம்மா கடைக்கு வந்த அன்று, கோபால் அந்த நாட்டுத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். மருந்தும் ரவையும் கட்டிக் கொடுத்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கை துப்பாக்கியை விடவில்லை. கொழுந்தன் எதிர் டீக்கடையில் நின்று முறைத்துக்கொண்டிருந்தான். லாரிக்காரரின் சிவந்த கண் ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கு ஒரு நியாயம், இந்த அம்மாளுக்கு ஒரு நியாயமா?

“நஞ்சம்மா, கொழுந்தனோட சண்டை வந்து கோபம் தலைக்கேறினா என்ன செய்வீங்க?” என்று நேராகவே கேட்டேன். அவர் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக் கோணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

“கோவத்துக்கு வீட்டுல தொடப்பம் இருக்குதே அண்ணா. இது பன்னிக்கு.”

துப்பாக்கி யாருக்குக் கொடுக்கலாம் என்று எத்தனையோ பேர் கூடிக் கூடிப் பேசுகிறார்கள், வீட்டில் துடைப்பம் இருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் விசாரிப்பதில்லை.