நாற்காலியில் சாய முடியாதவர்

சலூனில் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் முதலில் பார்த்தது நாற்காலியைத்தான். சாய்ந்துகொள்ள முதுகு, தலை வைக்கத் தனிக் கட்டை. நீலகிரியில் பைக்காரா அருவியிலிருந்து எடுத்த கரண்டு ஊருக்கு வந்த புதிது. மேலே ஒரு பல்பு. வாடிக்கைக்காரர் உட்காருவார், நான் நின்று சிரைப்பேன். அது போதும் என்றுதான் கிணத்துக்கடவிலிருந்து கோயமுத்தூர் வந்தேன்.

ஊரில் அப்பாவும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவோம். தோட்டத்துச் சொந்தக்காரர்களான பண்ணாடிமார் முன்னால் மண்ணில் குத்தவைத்துத்தான் சிரைக்க வேண்டும். இனி ஒருத்தர் முன்னாலும் குத்தவைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மாரப்பன் என்ற மில் தொழிலாளி வந்தார். ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது. மறு கன்னத்தில் பத்து நாள் தாடி.

"என்னங்க இது கோலம்?"

"நேத்து ஒரு கடையில பாதி சிரைச்சாங்க. இருமல் வந்துருச்சு. கத்தி பட்டா எங்க மேல பழின்னு எறக்கி உட்டுட்டாங்க."

சோப்புப் போட்டுத் தலையைச் சாய்த்தேன். உடனே இழுப்பு வந்தது. துருத்தி மாதிரிச் சத்தம். எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். சோப்பெல்லாம் என் வேட்டியில். மறுபடி சாய்த்தேன், மறுபடி அதே. மூன்றாம் தடவை சோப்பே காய்ந்துவிட்டது.

"ஏனுங்க, கீழ குத்தவெச்சுச் சிரைச்சு உடுங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அதுக்கு வேற ஆளப் பாருங்க. இது சலூனுங்க." கத்தியை மடக்கிவிட்டேன்.

அவர் போகவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"எட்டு வருசமாப் பஞ்சுத் தூசிக்குள்ள வேலைங்க. சாஞ்சா நெஞ்சு அடைக்குது. முன்னால குனிஞ்சு உக்காந்தாத்தான் மூச்சு வருது. இந்த மூஞ்சியப் பாத்துப்போட்டு, நாளைக்கும் சீக்காளியாட்டம் வந்தா கேட்டோட திரும்பிப் போயிருன்னு மேஸ்திரி சொல்லிப்போட்டாரு. மூணு கொளந்தைங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"சொன்னா நாற்காலியிலயே ஏத்த மாட்டீங்களே."

சலூன் முதலாளி மேஜையிலிருந்து சத்தம் போட்டார். "அங்கென்னப்பா பஞ்சாயத்து? ஆள் காத்துட்டிருக்குது."

ஒரு சாக்கை மடித்துத் தரையில் போட்டேன். இரண்டு பேரும் எதிரெதிரே குத்தவைத்தோம். அவர் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார். தாடைக்கு அடியில் பார்க்க நான் இன்னும் குனிய வேண்டியிருந்தது. இருமல் வரும் முன் விரலைத் தூக்கச் சொன்னேன். பதினோரு தடவை தூக்கினார். பதினோரு தடவையும் கத்தியை எடுத்தேன். ஒரு கீறல் இல்லை. என் எரிச்சல் மட்டும் குறையவில்லை.

கண்ணாடியில் இரண்டு கன்னத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆளாட்டம் இருக்கறனுங்களா?"

"மேஸ்திரி முன்னால இருமாம இருந்தாச் சரிங்க."

சிரித்தார். சிரிப்பில் மறுபடி இருமல். அது அடங்கிய பிறகு கிளம்பினார்.

அதுவரை பெஞ்சியில் காத்திருந்த பண்ணாடி ஒருவர் எழுந்து வந்து சாக்கு மேல் நின்றார். "எனக்கும் இப்படியே கீழ உக்காந்து பண்ணிப்போடு. நம்மூர்ல பண்றாப்பல இருக்குது."

முதலாளி, செய் என்று கண்ணைக் காட்டினார்.

"உங்களுக்கு மூச்சு நல்லா வருதுங்க. நாற்காலியில உக்காருங்க" என்றேன்.

பண்ணாடி துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு போய் உட்கார்ந்தார். நான் நின்றே சிரைத்தேன். இரண்டு நாள் முதலாளி என்னோடு பேசவில்லை.

மாரப்பனை மில்லில் திருப்பி அனுப்பவில்லை. ஞாயிறு லீவு முடிந்து மறுபடி தூசிக்குள் போகிற திங்கட்கிழமைதான் இழுப்பு அதிகம் என்று அவர் சொன்னதால், அது குறைவாக இருக்கும் சனிக்கிழமையில் வரச் சொல்லியிருந்தேன். மனுஷன் சனிக்கிழமையை விட்டுவிட்டு அடுத்த திங்கட்கிழமையே மூச்சு இழுக்க வந்து நின்றார். திட்டிக்கொண்டே சாக்கைப் போட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குத்தவைக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்காமலே கத்தியை மடக்கினேன். அது தப்பு.