படப்பிடிப்புத் தளத்தில் பார்த்த மழை

நான் சுபாவத்திலேயே பயந்தவன். சென்னைக்குப் போவதென்று முடிவானதும் ரயிலைத் தவறவிடுவோமோ, ஆட்டோக்காரர் சுற்றவிடுவாரோ, அங்கே கழிப்பறை எப்படி இருக்குமோ என்று வரிசையாகப் பயந்து முடித்திருந்தேன். கடைசியில் எதற்குப் பயந்திருக்க வேண்டுமோ அது மட்டும் என் நினைவுக்கு வரவில்லை.

விளாத்திகுளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அங்கிருந்து தெற்கே எட்டு கிலோமீட்டரில் எங்கள் ஊர். எனக்கும் தம்பி சண்முகத்துக்கும் பொதுவில் ஆறு ஏக்கர் கரிசல். என் மனைவி ராஜலட்சுமி பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ரகம். காணத் துவையல், அதாவது கொள்ளுத் துவையல், அரைப்பதைச் செல்போனில் பிடித்து, ஒரு தொலைக்காட்சியின் சமையல் போட்டிக்கு அனுப்பிவிட்டாள். அவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். ரயில் கட்டணம் அவர்களுடையது, கணவரும் வரலாம், படப்பிடிப்புக்கு முன் ஸ்டுடியோக்களையும் சுற்றிக் காட்டுவோம் என்றார்கள்.

புரட்டாசி மாதம், வியாழக்கிழமை மதியம் கிளம்பினோம். டவுன் பஸ்ஸில் எனக்குப் பத்து ரூபாய், அவளுக்கு இலவசம். சம்பாதிக்காமலே இவ்வளவு மிச்சம் பிடிக்கிறேன் பாருங்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். விளாத்திகுளத்திலிருந்து எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டி நாற்பது கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் உழுது போட்ட நிலம். ஒருவரும் விதைத்திருக்கவில்லை.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கரிசலில் மழை பெய்த பிறகு விதைப்பது கஷ்டம். நனைந்த மண் காலைப் பிடித்தால் விடாது. டிராக்டர் இறங்க நாலைந்து நாள் ஆகும், அதற்குள் மேல் ஈரம் போய்விடும். அதனால் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்போம். நல்ல மழையாக ஒன்று விழுந்தால் உளுந்து முளைத்துவிடும். மழை தள்ளிப்போனால் எறும்பும் மயிலும் பங்கு கேட்கும். எல்லாவற்றிலும் மோசம் தூறல்தான். விதை ஊறி முளை விடும், வேர் பிடிக்க ஈரம் இருக்காது, இரண்டு நாள் வெயிலில் கருகிவிடும். மறுபடி விதைக்க யாரிடமும் விதை இருக்காது. ஆகவே முதல் ஆளாக இறங்க எல்லாருக்கும் தயக்கம். ஒருவர் இறங்கிவிட்டால் போதும், அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று ஊரே பின்னால் இறங்கும். பஸ் ஏற்றிவிட வந்த சண்முகமும் விதைக்கலாமா என்று கேட்டான். நாங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கினோம். இரண்டு இட்லி, ஒரு வடை அறுபது ரூபாய். ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டு இருநூறுக்கு வந்தார். தொலைக்காட்சி நிலையம் என்றதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, சீரியலில் நடிக்கிறீர்களா என்றார். இவர் வில்லன் என்று ராஜலட்சுமி என்னைக் காட்டினாள்.

அண்ணா சாலையிலிருந்து பிரியும் தெருவில் ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம். வாசலில் பையைச் சோதித்தார்கள். செல்போன்களை வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி டோக்கன் கொடுத்தார்கள். கையில் போன் இல்லாதபோது எனக்குச் சட்டை போடாத மாதிரி இருந்தது. உள்ளே அப்படி ஒரு குளிர். எங்களோடு வேறு ஊர்களிலிருந்து வந்த நான்கு பெண்களும் அவர்கள் வீட்டாரும். சுற்றிக் காட்ட வந்த பெண்ணின் பெயர் பவித்ரா. அங்கே வேலை பார்க்கிறவர். எதையும் தொடாமல் வாங்க என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

செய்தி வாசிக்கும் மேசையை முதலில் பார்த்தோம். முன்பக்கம் பளபளக்கிறது, பின்பக்கம் வெறும் பிளைவுட். சீரியல் வீட்டின் மாடிப்படி பாதியில் நின்றுவிடுகிறது. பூஜை அறையில் சாமி படம் இல்லை, சட்டம் மட்டும் இருக்கிறது. விவாத நிகழ்ச்சிக்கான நாற்காலிகளில் எங்களை உட்காரவைத்தார்கள். விளக்கைப் போட்டதும் எனக்கு எதிரே ஒன்றுமே தெரியவில்லை. அந்த இருட்டிலிருந்து யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று தோன்றியது. எழுந்துவிட்டேன்.

அடுத்தது வானிலை அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் பச்சைச் சுவர். அதன் முன் ஓர் இளம்பெண் கோட்டுப் போட்டு நின்று காற்றில் கையை வீசிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் இருந்த திரையில் மட்டும் அவளுக்குப் பின்னால் தமிழ்நாடு தெரிந்தது. தென்கோடியில், சரியாக எங்கள் ஊரின் தலைக்கு மேல், கருநீலமாக ஒரு திட்டு. இன்றிரவு தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் கனமழை என்று ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. பவித்ரா அந்நேரம் யாரிடமோ வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டிருந்தார். ராஜலட்சுமி என் முழங்கையைப் பிடித்து இறுக்கினாள். அந்த அறையை விட்டு வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் போன்களைத் திருப்பித் தந்தார்கள். தட்டை வாங்குவதற்கு முன்பே அவள் சண்முகத்தைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இன்னைக்கே இறங்கிருங்க. ராத்திரிக்கு மழை. நான் இங்கன கண்ணால பாத்தேன்."

எனக்குப் பக்கென்றது. சாயங்காலம் வரை பொறுத்துச் சொல்லலாமே என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீட்டு டிவியில வாரது எத்தன கை மாறி வருதோ. இது அவிய அடுப்படியிலயே நின்னு பாத்ததுல்லா. இதையும் நம்பலன்னா எதத்தான் நம்பப் போறீங்க?"

உண்மையைச் சொன்னால், நானும் நம்பினேன். மழை தயாராகிற இடத்தையே பார்த்துவிட்டோம் என்றுதான் எனக்கும் தோன்றியது. சாப்பிட்டு முடித்ததும் போன்களை மறுபடி வாங்கிப் பூட்டிவிட்டார்கள்.

படப்பிடிப்பு மூன்றாவது மாடியில். அங்கே ஒரு சமையலறை, குழாய் இருக்கிறது, தண்ணீர் வராது. ஜன்னலுக்கு வெளியே நீல வானம் வரைந்திருந்தார்கள். நாங்கள் பார்வையாளர் வரிசையில். காதில் கருவி மாட்டிய ஒருவர் கையைத் தூக்கினால் கைதட்ட வேண்டும், இரண்டு கையையும் தூக்கினால் சிரிக்க வேண்டும். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது.

எனக்குப் பக்கத்தில் பவித்ரா உட்கார்ந்திருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், மழைச் செய்தி வாசித்த பெண் நன்றாக வாசித்தாள் என்றேன்.

"அவங்க இன்னும் சேனல்ல வரலை சார். புதுசா சேர்ந்தவங்க, பயிற்சி எடுத்துட்டு இருந்தாங்க. பழைய படத்தைப் போட்டுத்தான் பழகுவாங்க. நீங்க பார்த்தது போன வருஷ மழை."

அந்தக் குளிரிலும் எனக்கு முதுகு வேர்த்தது. அப்படியென்றால் இன்றைக்கு மழை உண்டா என்று கேட்டேன். தெரியாது, கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். நான் எழுந்தேன். கருவி மாட்டியவர் உட்காரச் சொல்லிக் கையை அமர்த்தினார். கதவைப் பார்த்தேன், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்நேரம் ஊரில் டிராக்டர் எந்த வரப்பில் திரும்பிக்கொண்டிருக்கும், இன்னும் எத்தனை மூட்டை மிச்சம் இருக்கும் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம் போன் கையில் கிடைத்தால் பாதி விதையாவது தப்பும். கேட்கத் தைரியம் வரவில்லை.

மேடையில் ராஜலட்சுமி வறுத்த காணத்தை அம்மியில் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். தொகுப்பாளர் ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டார்.

"இந்நேரம் எங்க ஊருல விதைப்பு நடக்கும். ராத்திரி மழை வரப்போகுதுல்லா" என்றாள் அவள், முகமெல்லாம் பூரிப்பாக.

கருவி மாட்டியவர் கையைத் தூக்கினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவளுக்கு இரண்டாம் பரிசாக ஒரு குக்கர் கிடைத்தது. வாசலில் போனை வாங்கிக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னேன். குக்கரைத் தரையில் வைத்தாள். அப்புறம் சண்முகத்துக்கு அவளே போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தாள். எங்கள் ஆறு ஏக்கரும் முடிந்துவிட்டது என்றான். அதோடு நிற்கவில்லை.

"டிவி ஸ்டேசன்லயே மதினி பாத்துட்டாவன்னு சொன்னேன். ஊரே இறங்கிட்டு. டிராக்டர் பத்தாம எட்டயபுரத்துல இருந்து வரவழைச்சு, இப்பதான் கடைசிப் புஞ்சையும் முடிஞ்சுது."

அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அவள் என்னைப் பார்த்தாள். நாளைக்கு நேரில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு திரும்பி உள்ளே போய், மழையைப் பற்றிப் பேசியதை வெட்டிவிட முடியுமா என்று பவித்ராவிடம் கேட்டாள். அதுதான் நன்றாக வந்திருக்கிறது, எடிட்டிங்கில் வைத்துக்கொள்வார்கள் என்றாராம் பவித்ரா.

எழும்பூருக்கு ஆட்டோ ஏறியதும் சென்னையில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை, முன்னால் போகிற வண்டி தெரியாத மழை. தார்ச்சாலையில் விழுந்து சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. சனியன் பிடித்த மழை, வேலை நேரத்தில்தான் வரும் என்று ஆட்டோக்காரர் திட்டினார். முந்நூறு ரூபாய் வாங்கினார். ராஜலட்சுமி வழியெல்லாம் கையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். எடுத்துக்கொண்டு போக முடிந்தால் எடுத்துப் போயிருப்பாள்.

ரயிலில் இரண்டு பேரும் சரியாகத் தூங்கவில்லை. வெளிச்சம் வந்ததும் ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டோம். சாத்தூரில் தரை காய்ந்து கிடந்தது. கோவில்பட்டி நடைமேடையில் தூசி பறந்தது. விளாத்திகுளம் தாண்டி எங்கள் எல்லைக்குள் பஸ் நுழைந்தபோது இரண்டு பக்கமும் புதிதாகக் கிளறிவிட்ட மண். அத்தனையும் எங்கள் ஊர் விதை. ஊரில் இறங்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

டீக்கடை முன்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எங்களுக்கு அடுத்த நிலத்துக்காரர் மாடசாமி சிரித்துக்கொண்டே வந்து, ராத்திரி ஏமாற்றிவிட்டது, இன்றைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் பையைக்கூட இறக்கிவைக்கவில்லை.

"அண்ணாச்சி, நான் பாத்தது போன வருசத்து மழையாம். படிச்சிப் பழகுறதுக்குப் போட்டிருந்தாவ. எனக்குத் தெரியல. நான்தான் சொன்னேன், எல்லாரும் என்னைய ஏசிருங்க."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாடசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வெதை உள்ள போயிட்டு மதினி. இனி ஏசி என்ன, ஏசாம என்ன" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தொலைக்காட்சி நிலையத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அங்கே எதையும் மறுபடி எடுக்கலாம். துவையலில் உப்பு அதிகமானால் நிறுத்திவிட்டு வேறு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எங்கள் பக்கம் அந்த வசதி கிடையாது. வந்ததிலிருந்து காலையில் மயில் விரட்டப் போகிறோம். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் முன்புபோல் நின்று பேசுவதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வெளியே வருகிறவர்கள், வானத்தைப் பார்ப்பதற்கு முன் எங்கள் வாசலைப் பார்க்கிறார்கள். நான் உள்ளே இருந்துகொள்கிறேன். ராஜலட்சுமி அவர்கள் கண்ணில் படும்படி வெளியே போய் நிற்கிறாள்.

நேற்று வெயில் தாழ்ந்த நேரத்தில் கிழக்கே கறுத்தது. காற்று வந்தது. ஓட்டின் மேல் சடசடவென்று நாலு துளி. நானும் வெளியே ஓடினேன். தெரு முழுக்க ஆட்கள். தரை நனைந்தும் நனையாமலும் மண்வாசனை எழும்பியது. மழைக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஊர், பெய்தால் கொட்டு, இல்லாவிட்டால் இப்போதே போய்விடு என்று மேலே பார்த்து வேண்டிக்கொண்டு நின்றது. ராஜலட்சுமி உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தாள். எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூறல் நிற்கவும் இல்லை, வலுக்கவும் இல்லை.